படகுக்குள் வந்த தண்ணீர்

‘கடலுக்கே போய் வருகிறவர்களுக்கு ஏரி என்ன பெரிய சமாச்சாரம்?’ விக்டோரியா ஏரியில் மீன்பிடிப் படகுகள் கவிழ்வதைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு, குமரி மாவட்டத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் கிண்டல் கலந்த கேள்விதான். ஆனாலும் நல்ல கேள்வி.

உகாண்டா, தான்சானியா, கென்யா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் அந்த ஏரியின் பரப்பு ஏறக்குறைய 68,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். நடு ஏரியில் நின்றால் எந்தக் கரையும் கண்ணில் படாது. அதிகபட்ச ஆழம் மட்டும் 80 மீட்டர் அளவில் நின்றுவிடுகிறது. இங்கே ஆண்டுக்கு 5,000 பேர் சாகிறார்கள் என்பது செய்திகளில் வழக்கமாக வரும் எண். அதை நான் கொஞ்சம் தள்ளியே வைக்கிறேன். பதிவேடுகளைக் கூட்டிப் போட்ட கணக்கு அல்ல அது, உத்தேசம். ஒரு கட்டுரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி நிலைத்துவிட்டது. சாவு நிறைய என்பதில் சந்தேகமில்லை. இத்தனை என்று அடித்துச் சொல்வதில்தான் சந்தேகம்.

அங்கே புயலுக்கு நேரம் காலம் உண்டு. பகலில் காற்று ஏரியிலிருந்து கரைக்கு வீசும். இடியும் மழையும் கரைமேல். இரவில் நிலம் குளிர்ந்துவிடும், ஏரி வெதுவெதுப்பாகவே கிடக்கும். நாலா பக்கத்துக் காற்றும் ஏரிக்குள் வந்து முட்டி மேலே கிளம்ப, நள்ளிரவிலிருந்து விடியும்வரை இடிமழை நீர்மேல் நடக்கும். டகா என்கிற பொடி மீனைப் பிடிப்பதும் அதே நேரத்தில்தான். நம்மூர் நெத்திலியளவு மீன். கென்யாவில் ஒமேனா, உகாண்டாவில் முகேனே. நிலவில்லாத இரவில் விளக்கை மிதக்கவிட்டு, வெளிச்சத்துக்குக் கூடும் மீனை வளைப்பார்கள். முன்பு பெட்ரோமாக்ஸ், இப்போது பெரும்பாலும் எல்இடி.

அலை விஷயத்தில் வாசகருக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. ஆழமான நீரில் அலையின் நீளம், அது வந்து போகும் நேரத்தின் வர்க்கத்தை 1.56 ஆல் பெருக்கினால் கிடைக்கும். எங்கோ பிறந்து பல நாள் பயணப்பட்டு வரும் கடல் அலைக்கு 12 நொடி என்றால் நீளம் 225 மீட்டர். படகு அதன்மேல் ஏறி இறங்குவது ஆளுக்கே தெரியாது. ஒரு மணி நேரம் வீசி அடங்கும் ஏரிப் புயல் கிளப்புவது 3 நொடி அலை. நீளம் 14 மீட்டர்தான். ஏழு மீட்டர் படகின் அணியம் (முன்முனை) முகட்டில் இருக்கும்போது அமரம் (பின்முனை) பள்ளத்தில் இருக்கும். நீளத்தில் ஏழில் ஒரு பங்குவரை அலை உயரலாம், அதற்குமேல் உடைந்து விழும். ஆக இரண்டு மீட்டர் சுவர், மூன்று நொடிக்கு ஒரு தரம். குமரிக் கடலில் இதைவிட உயரமான அலையைப் பார்த்தவருக்கும் இந்த நெருக்கம் புதிதாக இருக்கும்.

இருந்தாலும் அலை நேரடியாகப் படகைப் புரட்டுவதைவிட, உள்ளே தண்ணீரை ஊற்றிவிட்டுப் போவதுதான் எனக்குச் சுவாரசியமான கட்டம். ஆறு மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள படகுத் தளத்தில் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 720 கிலோ. பத்து ஆள் எடை. பத்து ஆட்களாவது உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் உட்காராது.

படகு ஏன் நிமிர்ந்து நிற்கிறது? வலப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் கூடுதலாக நீரில் அமிழ்ந்து மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. இடப்பக்கம் வெளியே வந்து தள்ளல் குறைகிறது. இரண்டும் சேர்ந்து படகைத் திருப்புகின்றன. இந்தத் திருப்புவிசை அகலத்தின் கனத்தைப் பொறுத்தது. அகலம் இரட்டித்தால் எட்டு மடங்கு. இப்போது உள்ளே நிற்கும் நீரைப் பாருங்கள். படகு வலப்பக்கம் சாய்ந்ததும் அதுவும் வலப்பக்கம் ஓடி, கீழ்நோக்கி அழுத்துகிறது. வெளி நீருக்குப் போட்ட அதே கணக்குதான், குறி மட்டும் எதிர்மறை. அகலத்தின் கனம்! நீர்மட்டத்தில் படகின் அகலம் 1.5 மீட்டர், உள் நீரின் அகலம் 1.2 என்றால், ஐந்தில் நான்கின் கனம் 0.51. படகுக்கு அதன் அகலம் தந்த நிமிரும் பலத்தில் பாதியை உள் நீர் தின்றுவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், சிறிய சாய்வுகளுக்கு இந்தக் கணக்கில் நீரின் ஆழமே வருவதில்லை. மேற்பரப்பு எவ்வளவு அகலம் என்பதுதான் கேள்வி.

ஆரத்தித் தட்டைக் கையில் வாங்கியவர்களுக்கு இது தெரியும். அதில் இருப்பது ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லை. அதையே சொம்பில் ஊற்றிக் கொடுத்தால் அத்தை மாடிப்படியில் ஓடியே போய்விடுவார். தட்டில் என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். கொஞ்சம் சாய்ந்தால் நீர் தாழ்ந்த பக்கம் போகிறது. போனதால் அந்தப் பக்கம் இன்னும் கனக்கிறது. கனத்ததால் இன்னும் சாய்கிறது. உவமையை இன்னும் கொஞ்சம் இழுப்போம். தட்டின் நடுவில் மாவால் ஒரு வரப்பு கட்டி இரண்டாகப் பிரித்தால் அத்தையின் கஷ்டம் பாதியாகக் குறையாது, கால்வாசியாகக் குறையும்: ஒவ்வொரு பாதிக்கும் எட்டில் ஒன்று, இரண்டும் சேர்ந்து நாலில் ஒன்று. வெற்றிலை, கற்பூரத்தைப் பயணிகளாக வைத்துக்கொள்ளலாம். அத்தையை ஓடும் பேருந்தில் நிற்கவைத்து மூன்று நொடிக்கு ஒரு தரம் பிரேக் போடவும் சொல்லலாம். மாப்பிள்ளையின் வேட்டி என்ன ஆகும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

வரலாறு இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார் என்பதால் ஒரு பத்தி. மிதக்கும் பொருளின் நிமிரும் பலத்துக்கு ஒழுங்கான கணிதம் தந்தவர் பிரெஞ்சுக்காரர் பியர் பூகே. 1746இல் வந்த அவருடைய கப்பல் நூலின் பெரும்பகுதி, பூமியின் வடிவத்தை அளக்கப் போய் ஆண்டிஸ் மலையில் தங்கியிருந்த காலத்தில் எழுதியது. உள் நீர் பெரிய கப்பலையும் விடாது. 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் சீப்ரூக் துறைமுகத்துக்கு வெளியே, ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்ற பெரிய கப்பல் முன்கதவை மூடாமல் கிளம்பியது. கார்கள் நிற்கும் தடுப்பில்லாத தளத்தில் நீர் பரவியதும் சில நிமிடங்களில் சாய்ந்து விழுந்தது. 193 பேர் இறந்தார்கள்.

மீனும் தண்ணீர்தான், இந்தக் கணக்கில். தளத்தில் கொட்டிய ஈர டகா, படகு சாய்ந்தால் கூழாக வழிந்து ஒரு பக்கம் சேரும். பலகைப் படகு புயலில்லாத நாளிலும் கசிகிறது. பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேனால் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வலையை இழுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்கும் நேரத்தில் இறைக்கும் கையும் வலைக்குப் போய்விடுகிறது.

கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. உட்பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே தண்ணீர் நிற்கும்? மேலே ஏறிய நீர் மரங்களுக்கு இடையே வழிந்துவிடும். உடனே இதைப் ‘பழந்தமிழரின் கப்பல் விஞ்ஞானம்’ என்று வாட்ஸ்அப்பில் தள்ளிவிட வேண்டாம். கட்டுமரக்காரர் எந்நேரமும் நனைந்துகொண்டே போவார், சரக்கும் அதிகம் ஏற்ற முடியாது. அந்த விலையைக் கொடுத்துத்தான் உள் நீர்த் தொல்லை இல்லாமல் போனார்கள்.

எச்சரிக்கை விஷயத்தில் முன்னேற்றம் உண்மை. முந்தின பிற்பகல் கரையில் எவ்வளவு இடிமழை பெய்தது என்பதைச் செயற்கைக்கோளில் பார்த்தே, அன்றிரவு ஏரியில் கடும்புயல் வருமா என்று ஓரளவு சொல்லலாம் என விம் தியரியும் சக ஆய்வாளர்களும் 2016இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் காட்டினார்கள். அதற்குள் ‘இனி கைபேசியே காப்பாற்றும்’ என்ற தலைப்புகள் வந்தால் நம்ப வேண்டாம். இன்றிரவு மோசம் என்பது வேறு. எந்தத் தீவுக்கு எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு என்பது வேறு. இரண்டாவதை எதிர்பார்த்துத்தான் படகுக்காரர் பெட்ரோல் ஊற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

புயல் பிடித்துவிட்டால் அணியத்தைக் காற்றுக்கு எதிரே திருப்ப வேண்டும். இன்ஜின் நின்றுபோனால் வாளியைக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து நீரில் விட்டால், அதன் இழுவையில் படகு முகம் திருப்பிக்கொள்ளும். நங்கூரத்தை அமரத்தில் கட்டவே கூடாது. மோட்டார் தொங்கும் தாழ்ந்த பக்கம் அதுதான். கயிறு அதை இன்னும் கீழே இழுத்தால் அடுத்த அலை நேரே உள்ளே. கவிழ்ந்த மரப்படகு பெரும்பாலும் மூழ்காது, அதைவிட்டு நீந்தக் கூடாது.

பூகேயின் கணக்கிலிருந்து மலிவான ஒரு வழி உண்டு. மூடி இறுக்கிய காலி கேன்களைப் படகின் இரு ஓரங்களிலும் அசையாமல் வரிசையாகக் கட்டிவிட்டால், உள் நீருக்குக் கிடைக்கும் அகலம் 1.2 மீட்டரிலிருந்து 0.6 ஆகிறது. நீர் தின்னும் பலம் எட்டில் ஒன்றாகச் சுருங்குகிறது. பாதி போன இடத்தில் பதினாறில் ஒன்றுதான் போகும். கவிழ்ந்தாலும் பிடித்துக்கொள்ள ஏதாவது மிதக்கும். டகா கொட்டும் இடமும் பாதியாகக் குறையும் என்பதால், இதைச் செய்யச் சொல்ல வேண்டியது வலை இழுப்பவரிடம் அல்ல, படகின் முதலாளியிடம்.