பூனை அடிக்கும் லூட்டி!

பாடப் புத்தகத்தைத் திறந்தாலே உங்கள் வீட்டு வாண்டுக்கு வயித்து வலி வந்துவிடுகிறதா? அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பிள்ளைகள் படிக்கவே மாட்டேன் என்றார்கள். 'புத்தகம் சப்பென்று இருந்தால் எந்தப் பிள்ளைதான் படிக்கும்?' என்ற ரீதியில் 1954-ல் 'லைஃப்' பத்திரிகையில் ஜான் ஹெர்ஸி ஒரு போடு போட்டார்.

அதையடுத்து டாக்டர் சூஸ் (ஊசி போடும் டாக்டர் இல்லீங்க, படம் வரைந்து கதை எழுதுபவர்!) ஒரு புத்தகம் எழுதினார். பதிப்பாளர் கொடுத்த பட்டியலில் இருந்த எளிய வார்த்தைகளுக்குள்தான் எழுத வேண்டும் என்பது நிபந்தனை. 1957-ல் வெளிவந்தது 'தி கேட் இன் தி ஹேட்'. அம்மா வெளியே போன மழை நாளில் தொப்பிப் பூனை வீட்டுக்குள் நுழைந்து அமர்க்களம் பண்ணுகிறது. மீன் தடுக்கப் பார்க்கிறது! மொத்தமே 236 வெவ்வேறு சொற்கள். 1960-ல் வந்த 'கிரீன் எக்ஸ் அண்ட் ஹாம்' வெறும் 50 வெவ்வேறு சொற்கள்.

அதே சொற்கள் எதுகையோடு திரும்பத் திரும்ப வருவதால் நாக்கில் ஒட்டிக்கொள்கின்றன. பூனை அடுத்து என்ன பண்ணுமோ என்ற ஆவலில் பயமும் பறந்துவிடும்.

நாலு தடவை படித்தபின் பிள்ளை பார்க்காமலே ஒப்பிக்கும். 'ஏமாத்துறியா?' என்று அதட்டாதீங்க. வார்த்தைக்கு அடியில் விரலை ஓட்டிப் படிக்கச் சொல்லுங்கள், போதும்.

வேடிக்கைக் கதையிலும் எழுத்துகள் தொடர்ந்து குழம்பினால், சோம்பேறி என்று முடிவு கட்டி அடிக்க வேண்டாம். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கண்ணில் கோளாறு இல்லையென்றால், டிஸ்லெக்ஸியாவாக இருக்குமா என்று குழந்தைகள் டாக்டரிடம் கேளுங்கள்.