எண்ணும் நலமும்

நுழையும்முன்

நோயுற்ற ஒருவரின் நிலையை மருத்துவர் நாடி பார்த்து அறிகிறார். ஓர் ஊரின் உடல்நிலையை எவ்வாறு அறிவது? ஊருக்கு நாடி இல்லை. அதன் நிலையை எண்களே எடுத்துரைக்கின்றன. அவ்வெண்களைத் திரட்டவும் ஒப்பிடவும் அவற்றிலிருந்து முடிவு காணவும் கற்பிக்கும் துறை உயிர்ப்புள்ளியியல். 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்றின் வழியே அத்துறையின் அடிப்படைகளை இப்பாடம் விளக்குகிறது.

எண்ணிக்கையும் வீதமும்

வைகைக் கரையில் அமைந்த பரமக்குடி, கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு நிகழும் ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் பதிவேட்டில் இடம்பெற வேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நாடு முழுவதும் இதனைக் கட்டாயமாக்கியது. இத்தகைய பதிவுகளே உயிர்ப்புள்ளியியலின் மூலப்பொருள்.

ஆயினும் வெறும் எண்ணிக்கை உண்மையை முழுமையாகக் காட்டாது. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓராண்டில் 270 பேரும் மதுரை மாவட்டத்தில் 400 பேரும் ஒரு நோய்க்கு ஆளாயினர் எனக் கற்பனையாகக் கொண்டால், மதுரையிலேயே நோய் மிகுதி என்று தோன்றும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இராமநாதபுரம் மாவட்ட மக்கள்தொகை 13,53,445. மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 30,38,252. இவற்றால் வகுத்துப் பார்த்தால், இராமநாதபுரத்தில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 20 பேரும் மதுரையில் ஏறத்தாழ 13 பேரும் நோயுற்றுள்ளனர். எண்ணிக்கை மதுரையில் மிகுதி. நோயின் கடுமையோ இராமநாதபுரத்தில் மிகுதி.

இவ்வாறு மக்கள்தொகையால் வகுத்துப் பெறும் அளவு வீதம் எனப்படும். பின்னத்தின் மேலுள்ள தொகுதி நோயுற்றோரைக் குறிக்கிறது. கீழுள்ள பகுதி அந்நோய்க்கு ஆளாகக்கூடிய அனைவரையும் குறிக்கிறது. ஒரு புள்ளிவிவரத்தைக் காணும்போதெல்லாம் ‘எத்தனை பேர்?’ என்பதோடு ‘எத்தனை பேருள்?’ என்றும் கேட்க வேண்டும்.

ஒரு நோயும் ஒரு வினாவும்

1950களில் காசநோய்க்கு ஆற்றல்மிக்க மருந்துகள் வந்துவிட்டன. எனினும், ஓய்வும் ஊட்டமான உணவும் நல்ல காற்றும் கிடைக்கும் காசநோய் மருத்துவமனையில் பல மாதங்கள் தங்கினால்தான் நோய் தீரும் என்னும் நம்பிக்கை வலுவாக இருந்தது. நாட்டில் நோயாளிகளோ பல இலட்சம். அவர்களுக்கான படுக்கைகளோ மிகக் குறைவு.

இடம் கிடைத்தாலும் இன்னல் தீர்வதில்லை. வீட்டிலேயே தறி அமைத்து நெய்யும் பரமக்குடித் தொழிலாளி ஒருவர் ஓராண்டுக் காலம் தொலைதூர மருத்துவமனையில் தங்க நேர்ந்தால், தறி நின்றுவிடும். அதனை நம்பிய குடும்பமும் வாடும். நோயாளி தம் வீட்டில் இருந்தவாறே மருந்து உட்கொண்டால் போதாதா என்னும் வினா இதனால் எழுந்தது. அதற்கு எதிராக இரண்டு அச்சங்கள் இருந்தன. நெருக்கடியான வீட்டில், போதிய உணவின்றி இருப்பவருக்கு மருந்து பயன் தருமா என்பது ஒன்று. உடன் வாழ்வோருக்கு நோய் தொற்றுமே என்பது மற்றொன்று.

சமவாய்ப்பு முறை

இவ்வினாவுக்கு விடை காணச் சென்னையில் 1956ஆம் ஆண்டு காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக நலவாழ்வு நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இதில் இணைந்து செயல்பட்டன.

மருத்துவமனையில் இருந்தோரையும் வீட்டில் இருந்தோரையும் அப்படியே ஒப்பிட்டால் போதாதா? போதாது. நோய் முற்றியவர்கள் மருத்துவமனையை மிகுதியாக நாடியிருக்கலாம். வசதி படைத்தவர்களே அங்கு இடம் பெற்றிருக்கலாம். அந்நிலையில் தோன்றும் வேறுபாடு சிகிச்சையால் விளைந்ததா, நோயாளிகளின் நிலையால் விளைந்ததா எனப் பிரித்தறிய இயலாது. இக்குறையை ஒருதலைச் சார்பு என்பர்.

ஆகவே, யார் எக்குழுவில் சேர்வது என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கோ நோயாளியின் விருப்பத்திற்கோ விடாமல், குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் முடிவு செய்தனர். இரு குழுவினருக்கும் ஐசோனியசிட், பி.ஏ.எஸ். ஆகிய ஒரே மருந்துகள் ஓராண்டுக்கு வழங்கப்பட்டன. தங்கிய இடமும் அதனோடு சேர்ந்த உணவும் ஓய்வுமே வேறுபட்டன.

> தெரிந்து தெளிவோம்
> சமவாய்ப்பு முறையில் நோயாளிகளைப் பிரித்து நடத்திய முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பற்றிய பிரித்தானிய ஆய்வாகும். 1948ஆம் ஆண்டு வெளியான இவ்வாய்வை வடிவமைத்ததில் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் முதன்மையானவர்.

வேறுபாடும் தற்செயலும்

ஆய்வின் முடிவுகள் 1959ஆம் ஆண்டு வெளியாயின. ஓராண்டின் இறுதியில் மருத்துவமனைக் குழுவில் 92 விழுக்காட்டினரும் வீட்டுக் குழுவில் 86 விழுக்காட்டினரும் சளியில் காசநோய்க் கிருமி காணப்படாத நிலையை எட்டியிருந்தனர். அவ்வாறெனில் மருத்துவமனையே சிறந்தது என்று முடிவு செய்யலாமா?

ஒரு நாணயத்தை 80 முறை சுண்டினால் சரியாக 40 முறை தலை விழும் என்பதில்லை. மீண்டும் 80 முறை சுண்டினால் வேறோர் எண்ணிக்கை கிடைக்கும். நாணயம் மாறவில்லை, வேறுபாடு தற்செயலாக நேர்ந்தது. இவ்வாய்விலும் குழுவுக்கு ஏறத்தாழ 80 பேரே இருந்தனர். இச்சிறிய அளவில், சிகிச்சைகள் இரண்டும் சமமாகவே இருந்தாலும் தற்செயலால் மட்டும் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் வரை வேறுபாடு தோன்றக்கூடும். எனவே 6 புள்ளி வேறுபாட்டைக் கொண்டு மருத்துவமனையே மேலானது என உறுதி கூற இயலாது. அதே வேளையில், வேறுபாடு உறுதிப்படவில்லை என்பதற்கு வேறுபாடே இல்லை என்பது பொருளன்று. இவ்விரண்டையும் பிரித்தறிவது புள்ளியியலின் இன்றியமையாத பாடம்.

அந்த 6 புள்ளி வேறுபாடு மெய்யானதே என்று வைத்துக்கொண்டாலும், மற்றொரு கணக்கு எஞ்சுகிறது. 1000 நோயாளிகளுக்கு 100 படுக்கைகளே உள்ளன எனக் கொண்டால், மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் நலமளிப்பது 92 பேருக்கு. வீட்டுச் சிகிச்சை நலமளிப்பது 860 பேருக்கு. படுக்கை பெற்றவர்களைப் பகுதியாகக் கொண்டால் முன்னது வெல்கிறது. நோயுற்ற அனைவரையும் பகுதியாகக் கொண்டால் பின்னதே வெல்கிறது.

இரண்டாவது அச்சத்திற்கும் விடை கிடைத்தது. குடும்பத்தினரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வீட்டில் சிகிச்சை பெற்றோரின் உறவினரிடையே நோய் மிகுதியாகப் பரவவில்லை என்பது புலனாயிற்று.

ஆய்விலிருந்து வாழ்வுக்கு

1962ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. பிற நாடுகளும் அவ்வழியைப் பின்பற்றின. சென்னை மையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகத் திகழ்கிறது. மருந்து உட்கொண்டவாறே குடும்பத்தோடு வாழும் வாய்ப்பு, இன்று பரமக்குடி உள்ளிட்ட எல்லா ஊர்களின் நோயாளிகளுக்கும் உரியதாயிற்று.

படுக்கை கிடைக்காதவர்களையும் கணக்கில் சேர்த்ததே அம்மாற்றத்திற்கு வழிவகுத்தது. எண்ணப்படாதவர் மறக்கப்படுவர், எல்லாரையும் எண்ணுவதே பொதுநலத்தின் முதற்படி.

கற்பவை கற்றபின்

நாளிதழில் வெளியான நலவாழ்வுச் செய்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க. அதிலுள்ள எண்ணுக்குரிய தொகுதி எது, பகுதி எது, பகுதியில் விடுபட்டோர் உளரா என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.