85-வது கேள்வியோடு திரை நின்றால் பாஸா, ஃபெயிலா? அமெரிக்க ‘பிராக்டிகல் நர்ஸ்’ தேர்வும், அதனால் அளக்க முடியாத ஒன்றும்!

கம்ப்யூட்டர் திரையில் 85-வது கேள்வி. பதிலைத் தேர்வு செய்து அடுத்ததற்குப் போக நினைக்கும்போது, ‘தேர்வு முடிந்தது’ என்கிறது திரை. ஐந்து மணி நேரத் தேர்வில் இன்னும் நிறைய நேரம் பாக்கி. பாஸா, ஃபெயிலா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘நன்றாக எழுதியதால் நின்றதா, மோசமாக எழுதியதால் நின்றதா?’ என்ற குழப்பத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அமெரிக்காவில் பிராக்டிகல் நர்ஸாக நினைக்கும் பலருக்கும் இப்படி ஒரு நாள் வரும். அவர்கள் எழுதும் தேர்வின் பெயர் என்கிளெக்ஸ்-பிஎன். இதில் தேறாமல் அங்கே பிராக்டிகல் நர்ஸ் லைசென்ஸ் வாங்க முடியாது. அவ்வளவு கெடுபிடியான இந்தத் தேர்வையும் தாண்டி, 2023-ல் ஒரு மோசடி அம்பலமானது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த நர்ஸ்கள் யார், எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம்.

யார் இந்த பிராக்டிகல் நர்ஸ்?

அமெரிக்காவில் நர்ஸ்கள் எல்லோரும் ஒரே வகை அல்ல. இரண்டு முதல் நான்கு வருடம் படித்து வருபவர் ‘ரெஜிஸ்டர்டு நர்ஸ்’, சுருக்கமாக ஆர்.என். ஏறக்குறைய ஒரு வருடப் பயிற்சியில் வருபவர் ‘லைசென்ஸ்டு பிராக்டிகல் நர்ஸ்’, அதாவது எல்.பி.என். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் மட்டும் இவர்களை எல்.வி.என் என்பார்கள். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

மாத்திரை, ஊசி கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சிறுநீர்க் குழாய் பொருத்துவது, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது, உதவியாளர்களை மேற்பார்வை செய்வது... இவையெல்லாம் எல்.பி.என் வேலைகள். புதிதாக வந்த நோயாளியை முழுமையாக மதிப்பிட்டு, சிகிச்சைத் திட்டம் வகுப்பது ஆர்.என் பொறுப்பு. ரத்தம் ஏற்றுவது, நரம்பில் நேரடியாக மருந்து செலுத்துவது போன்றவற்றில் எல்.பி.என் எதுவரை போகலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அங்கே சுமார் ஆறரை லட்சம் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். அதிகம் பேர் இருப்பது முதியோர் பராமரிப்பு இல்லங்களில். இரவு ஷிஃப்டில், ஒரு தளத்தில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நர்ஸ் பெரும்பாலும் எல்.பி.என்-தான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறைக் கணக்குப்படி, 2023-ல் இவர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 59,730 டாலர். ஆர்.என்-களுக்கு 86,070 டாலர். ஒரே வருடத்தில் படித்து முடித்துச் சம்பாதிக்கலாம் என்பதால், குடும்பப் பொறுப்பு உள்ளவர்களும் ஏற்கெனவே உதவியாளராக வேலை பார்ப்பவர்களும் இந்தப் படிப்பை நாடுகிறார்கள்.

வகுப்பறையைவிட வார்டில்தான் அதிக நேரம்

ஒரு வருடம்தானே என்று லேசாக நினைத்துவிட வேண்டாம். கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே குறைந்தபட்சம் 1,530 மணி நேரப் பயிற்சி கட்டாயம். அதில் வகுப்பறைப் பாடம் 576 மணி நேரம். மீதி 954 மணி நேரமும் நேரடிப் பயிற்சி.

ஏன் இப்படி? புத்தகத்தில் ‘படுக்கைப்புண்’ என்று ஒரு பாடம் இருக்கும். ஆனால், நாள் முழுக்கப் படுத்தே கிடக்கும் ஒருவரை வலிக்காமல் பக்கவாட்டில் திருப்புவது எப்படி, தோல் சிவந்திருப்பதைப் புண் ஆவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி என்பதெல்லாம் பத்து பேரைத் திருப்பிப் பார்த்தால்தான் கைக்கு வரும். ஆசிரியர் பக்கத்தில் நிற்க, மாணவி தவறு செய்து, திருத்திக்கொள்ளும் இடம் அது.

படுக்கைப் பக்கத்து அனுபவத்துக்கு அந்த மாநிலம் எவ்வளவு மதிப்புத் தருகிறது என்பதற்கு இன்னொரு விதியும் சாட்சி. நர்ஸிங் பள்ளிக்கே போகாதவர்கூட, 51 மாதங்கள் நோயாளிகளின் படுக்கை அருகே சம்பளத்துக்கு வேலை பார்த்து, மருந்தியலில் 54 மணி நேரப் படிப்பையும் முடித்திருந்தால், தகுந்த சான்றுகளோடு அங்கே தேர்வு எழுத விண்ணப்பிக்கலாம்.

ஆளுக்கொரு கேள்வித்தாள்

பயிற்சி முடிந்ததும் மாநில நர்ஸிங் போர்டில் விண்ணப்பித்து, 200 டாலர் கட்டணம் கட்டி, அனுமதி வந்த பிறகு தேதி வாங்க வேண்டும். தேர்வு மையத்தில் அடையாள அட்டையோடு உள்ளங்கையையும் ஸ்கேன் செய்வார்கள். ஒருவருக்குப் பதில் இன்னொருவர் எழுதுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

இந்தத் தேர்வை நடத்துவது மாநில நர்ஸிங் போர்டுகளின் தேசியக் கவுன்சில். 1994 முதல் இது கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள் கிடையாது.

உயரம் தாண்டும் பயிற்சியை நினைத்துக்கொள்ளுங்கள். தாண்டிவிட்டால் கம்பியை உயர்த்துவார்கள், தட்டிவிட்டால் இறக்குவார்கள். அதுபோலத்தான் இதுவும். சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். ஒவ்வொரு கேள்வியும் சரியாகவும் போகலாம், தவறாகவும் போகலாம் என்ற பாதிக்குப் பாதி நிலையில் உங்களை நிறுத்துவதே இதன் வடிவமைப்பு. அதனால்தான் நன்றாகப் படித்தவர்கூட ‘எதுவுமே தெரியவில்லையே’ என்ற உணர்வோடு வெளியே வருகிறார்.

குறைந்தது 85 கேள்விகள், அதிகபட்சம் 150. இவர் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறாரா, கீழே இருக்கிறாரா என்று 95 சதவிகித உறுதியோடு தெரிந்துவிட்டால் கம்ப்யூட்டர் நிறுத்திக்கொள்ளும். ஆக, 85-ல் நின்றால் பாஸாகவும் இருக்கலாம், ஃபெயிலாகவும் இருக்கலாம். 150 வரை போனால் ஃபெயில் என்பதும் கட்டுக்கதைதான். கோட்டுக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கு முடிவு செய்ய நேரமாகிறது, அவ்வளவுதான். விட்ட கேள்விக்குத் திரும்பிப் போகவும் முடியாது.

அமெரிக்காவிலேயே படித்து முதல் முறை எழுதுபவர்களில், சமீப ஆண்டுகளில் பத்தில் எட்டுப் பேராவது தேறுகிறார்கள். தவறியவர்கள் குறைந்தது 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.

‘முதலில் யாரிடம் போவீர்கள்?’

மனப்பாடம் இந்தத் தேர்வில் அதிக தூரம் கைகொடுக்காது. கேள்விகளின் பாணி இப்படி இருக்கும்:

காலை ஷிஃப்ட் தொடங்குகிறது. உங்கள் பொறுப்பில் நான்கு பேர். ஒருவர் மூட்டுவலிக்கு மாத்திரை கேட்கிறார். இன்னொருவர், ‘வீட்டுக்குப் போகணும்’ என்று அழுகிறார். மூன்றாமவருக்குச் சர்க்கரை 180. நான்காமவர் இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து நான்கு நாள் ஆனவர், திடீரென மூச்சு வாங்குகிறது என்கிறார். முதலில் யாரிடம் போவீர்கள்?

நான்கு பேருக்குமே கவனிப்பு தேவை. ஆனால், மூன்று பேரால் சில நிமிடங்கள் காத்திருக்க முடியும். நான்காமவருக்குக் காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அவரால் காத்திருக்க முடியாது.

2023 ஏப்ரலில் தேர்வு இன்னொரு படி மேலே போனது. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, அடுத்தடுத்து ஆறு கேள்விகள் கேட்கும் முறை வந்தது. குறைந்தபட்சத் தேர்விலேயே இப்படி மூன்று கதைகள் இருக்கும். பாதி சரியான பதிலுக்குப் பாதி மதிப்பெண் தரும் முறையும் அப்போதுதான் வந்தது.

உதாரணத்துக்கு, காலை ஏழரைக்கு வேகமாக வேலை செய்யும் இன்சுலின் போட்டுக்கொண்ட ஒரு பாட்டி. எட்டரை மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு தொடப்படாமல் அப்படியே இருக்கிறது. பாட்டிக்கு வியர்த்துக் கொட்டுகிறது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பேசுகிறார்.

இதில் கவனிக்க வேண்டியவை எவை? அவற்றுக்குள் என்ன தொடர்பு? எது மிக ஆபத்தான சாத்தியம்? என்னென்ன செய்யலாம்? முதலில் எதைச் செய்வீர்கள்? செய்தது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? இந்த ஆறுதான் அந்த ஆறு கேள்விகளின் அடிப்படை. சர்க்கரை இறங்கியிருக்கலாம் என்று உணர்ந்து உடனே பரிசோதிக்க வேண்டும். குறைவாக இருந்து, பாட்டியால் விழுங்க முடிந்தால் பழச்சாறு கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும், ஆர்.என்-னுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நினைவிழந்தவர் என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இந்த வித்தியாசத்தில்தான் உயிர் இருக்கிறது.

7,600 போலிச் சான்றிதழ்கள்

இத்தனை நுணுக்கமான தேர்வு இருக்கும்போது தகுதியில்லாதவர் எப்படி உள்ளே வர முடியும்? 2023 ஜனவரி 25 அன்று அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிவிப்பு, நாட்டையே இந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது.

‘ஆபரேஷன் நைட்டிங்கேல்’ என்ற பெயரில் எஃப்.பி.ஐ-யும் சுகாதாரத் துறையின் கண்காணிப்புப் பிரிவும் நடத்திய விசாரணையில் 25 பேர் மீது வழக்கு பதிவானது. தெற்கு ஃப்ளோரிடாவின் மூன்று நர்ஸிங் பள்ளிகளின் பெயரில் 7,600-க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்களும் மதிப்பெண் சான்றுகளும் விற்கப்பட்டிருந்தன. ஆர்.என் ஆக விரும்பியவர்கள், எல்.பி.என் ஆக விரும்பியவர்கள் என இரு தரப்பும் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொருவரும் கொடுத்தது பத்தாயிரம் டாலருக்கும் மேல். அந்தப் பள்ளிகள் இப்போது இல்லை.

பரீட்சையை யாரும் போலியாக எழுதவில்லை. வாங்கியது, ‘நான் பயிற்சி பெற்றவர்’ என்று சொல்லும் காகிதத்தை. அதைக் காட்டித் தேர்வுக்கூடத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களில் சுமார் 2,400 பேர் உண்மையான தேர்வை எழுதித் தேறியும்விட்டார்கள்!

அவர்களால் நோயாளி யாருக்கும் தீங்கு நேர்ந்ததாக ஆதாரம் கிடைக்கவில்லை என்று அப்போது அதிகாரிகள் சொன்னார்கள். ‘தேர்வில் பாஸானவர்தானே, அப்புறம் என்ன?’ என்று யாருக்கும் தோன்றலாம். ஆனால், திரையில் ‘பாட்டிக்கு வியர்க்கிறது’ என்று எழுதியே இருக்கும். வார்டில் அப்படி யாரும் எழுதி வைப்பதில்லை. அரையிருட்டில், பத்து பேரின் வேலைக்கு நடுவே, பாட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒருவருக்குத் தோன்ற வேண்டும். அந்தப் பழக்கம் வருவது 954 மணி நேரத்தில். தேர்வு, ஒருவர் சரியாக யோசிக்கிறாரா என்று பார்க்கிறது. அவர் கை பழகியிருக்கிறது என்பதைப் பள்ளியின் சான்றிதழை நம்பித்தான் ஏற்றுக்கொள்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் விலைக்கு விற்றிருந்தார்கள். அதன் பிறகு பல மாநில போர்டுகள் பழைய லைசென்ஸ்களைத் தோண்டி எடுத்து ஆராய்ந்து, ரத்து செய்யும் வேலையில் இறங்கின.

நம் வீட்டுக்கும் இதில் பாடம் உண்டு

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமான படிப்பு என்றால் இரண்டு வருட ஏ.என்.எம். அதற்கு மேல் மூன்று வருட ஜி.என்.எம், நான்கு வருட பி.எஸ்சி நர்ஸிங். 1926-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான, இன்று தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் எனப்படும் அமைப்பில் பதிவு செய்தால்தான் இங்கே நர்ஸாகப் பணியாற்ற முடியும். ‘ஆறே மாதத்தில் நர்ஸிங்’, ‘ஒரே வருடத்தில் நர்ஸ் வேலை’ என்ற விளம்பரங்களைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன், கேட்க வேண்டியவை மூன்று:

* இந்தப் படிப்பை முடித்தால் மாநிலக் குழுமத்தில் பதிவு செய்ய முடியுமா?

* கல்லூரிக்கு இந்திய நர்ஸிங் கவுன்சிலின் தகுதிச் சான்று இருக்கிறதா?

* நேரடிப் பயிற்சி எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம்?

‘எல்.பி.என்-னாக அமெரிக்கா போனால் உடனே கிரீன் கார்டு’ என்று யாராவது சொன்னால் நிதானியுங்கள். நர்ஸ்களுக்கு அங்கே இருக்கும் சிறப்பு விசா சலுகைப் பட்டியலில் இருப்பது ஆர்.என்-தான், எல்.பி.என் இல்லை. அமெரிக்காவில் உங்கள் உறவினர் யாராவது பராமரிப்பு இல்லத்தில் இருந்தால், பெரும்பாலான மாநிலங்களின் நர்ஸ் லைசென்ஸ்களை ‘நர்சிஸ்’ இணையதளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம் என்பதையும் அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

தேர்வுத் திரை 85-லும் நிற்கலாம், 150-லும் நிற்கலாம். முடிவு சரியாக வந்தால் மறுவாரமே ஒருவர் வெள்ளை ஷூவோடு வார்டுக்குள் நுழைவார். அங்கே அவருக்கு நான்கு விடைகள் கொடுத்து, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.