கொள்ளிக்கட்டையில் மை அரைத்தவள்

சுடுகாடு. கள்ளிக் கிளையின் கவட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது ஒரு பெண்பேய். எரிகிற சிதையிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவி, கரியை மசித்து மையாக்கிக் கண்ணில் தீட்டிக்கொள்கிறது. தீட்டிய குஷியில் பலமாகச் சிரிக்கிறது. அடுத்த கணமே எதையோ பார்த்து மிரள்கிறது. பிணத்தீ தன் மேல் பட்டுச் சுட, கோபம் பொத்துக்கொண்டு வர, புழுதியை அள்ளி வீசித் தீயை அணைக்கப் பார்க்கிறது.

ஒப்பனை, சிரிப்பு, மிரட்சி, கோபம். மேடையில் ஒரு நடனக் கலைஞர் ஐந்து நிமிடம் அபிநயம் பிடிக்க வேண்டிய காட்சி. காரைக்கால் அம்மையார் இதை ஒரே பாடலில் முடித்துவிடுகிறார். காலம் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு. களம், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு.

திருவள்ளூர் மாவட்டம் என்றால் இன்று பலருக்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் ஷிப்ட் பஸ்களும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும்தான் நினைவுக்கு வரும். கும்மிடிப்பூண்டி மாவட்டத்தின் வடகிழக்கு மூலை. திருவாலங்காடு நேர் எதிரே மேற்கில், அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் இருக்கிறது. இங்கேயும் ஆலை உண்டு; திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்குவது இந்த ஊரில்தான். கரும்பு லாரிகள் போகிற இந்த வட்டாரம்தான் ஒரு காலத்தில் ஆலமரக் காடு, பேய்கள் கூத்தாடும் இடம் என்று பாடப்பட்டது.

பாடியவரின் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததே. காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைச் சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறாள். கணவன் இன்னொன்று கேட்க, இறையருளால் ஒரு கனி வருகிறது. பயந்துபோன பரமதத்தன் கப்பலேறுகிறான். பாண்டிநாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். பிறகு காரைக்கால் புனிதவதியைக் கண்டபோது, மனைவி என்று அழைக்காமல் காலில் விழுகிறான். இவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று இளம்வயதிலேயே அதை உதறி, பேய் வடிவம் கேட்டு வாங்குகிறாள் புனிதவதி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் வரலாறு இது.

அந்தப் பேய் வடிவம் எப்படி இருந்தது? ‘திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம்’ தொடங்கும்போதே சித்திரம் வந்துவிடுகிறது. வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு, செம்பட்டை மயிர், நீண்டு நிற்கும் இரண்டு பற்கள், உயர்ந்த கணுக்கால். மார்பில் தொடங்கிக் கால்வரை கோடு இழுப்பவர் செய்கிற வேலை. பதிகத்தின் கடைசிப் பாட்டில் தன்னைக் ‘காரைக்கால் பேய்’ என்றே குறிப்பிட்டுக் கையெழுத்தும் போடுகிறார். தமிழில் ஒரு பெண் தன்னைத்தானே தீட்டிக்கொண்ட மிகப் பழைய உருவப்படம் என்று இதைச் சொல்லலாம்.

படம் முடிந்ததும் கச்சேரி. துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி எனச் சுரங்களின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். பின்னால் வாத்தியங்கள்: வீணை, மத்தளம், துந்துபி, தக்கை, கொக்கரை, குடமுழா, மொந்தை, தமருகம். இவ்வூர்ப் பதிகங்கள் இரண்டில் முதலாவதற்குப் பண் நட்டபாடை, இரண்டாவதற்கு இந்தளம். தேவார மூவருக்கும் முந்தியது என்பதால்தான் ‘மூத்த’ பதிகம். பத்துப் பாட்டும், பெயர் சொல்லும் ஒரு முடிவுப் பாட்டும் என்ற இந்த அச்சில்தான் பின்னால் சம்பந்தர் வார்த்தார்.

நடனம்? சடை எட்டுத் திசையும் வீச, உடல் குளிர்ந்திருக்க, அனலுக்குள் ஆடுகிறார் சிவன். ஆடுகிறவரை மட்டும் வர்ணித்து அம்மையார் நிறுத்துவதில்லை. கள்ளி, நரி, ஆந்தை, பேய்க்கூட்டம் என்று அரங்கம் முழுவதும் அசைகிறது. காளியோடு போட்டி வந்தபோது, கழன்று விழுந்த காதணியைக் கால் விரலால் எடுத்து, அந்தக் காலைத் தலைக்கு மேல் தூக்கி மாட்டிய ஊர்த்துவ தாண்டவத்தின் தலமும் இதுவே. சிவன் ஆடும் ஐந்து சபைகளில் இது இரத்தின சபை. தில்லையில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம். ஐந்தாவதான குற்றாலத்துச் சித்திர சபையோ சுவரெல்லாம் ஓவியம்.

சொல்லில் தீட்டியதைக் கல்லிலும் உலோகத்திலும் எடுத்தார்கள் பின்வந்தவர்கள். முதலாம் ராஜேந்திர சோழன் பழையனூரை இக்கோயிலுக்குக் கொடையாக அளித்ததைச் சொல்வதுதான் 1905-ல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு. மொத்தம் 31 ஏடுகள். அவன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்தில், ஆடும் சிவன் சிற்பத்தின் காலடியில் எலும்புருவாகத் தாளம் தட்டிக்கொண்டிருக்கிறார் அம்மையார். கடல் கடந்து, கம்போடியாவின் பந்தியாய் ஸ்ரேய் கோயிலில் ஆடும் சிவனருகே இருக்கும் மெலிந்த பெண்ணுருவத்தையும் ஆய்வாளர்கள் அவராகவே அடையாளம் காண்கிறார்கள். அது பத்தாம் நூற்றாண்டுக் கோயில். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலும் கன்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் மியூசியத்திலும் கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் அம்மையார் வெண்கலங்கள் உள்ளன. பேய் என்று சொல்லிக்கொண்டவரைச் சிற்பிகள் அலங்கரிக்கவில்லை. விலா எலும்பை எண்ணும்படி விட்டிருக்கிறார்கள். முகத்தில் மட்டும் சிரிப்பு.

திருவாலங்காட்டு நடராஜர் வெண்கலம் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் புகைப்படங்கள் பாரிஸ் போயின. 1913-ல் அவற்றைப் பார்த்துக்கொண்டே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் ஒரு குறிப்பு எழுதினார். சிற்பம் பற்றிய ஆய்வு என்பதைவிட, வசனகவிதை என்றே அதைச் சொல்ல வேண்டும். அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 1921-ல் அது அச்சேறியது. பாட்டு நடனத்தைச் சொன்னது, நடனம் வெண்கலமானது, வெண்கலம் மீண்டும் எழுத்தானது.

சினிமாவும் விடவில்லை. ஏ.பி.நாகராஜன் 1973-ல் எடுத்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில் இளம் புனிதவதி லட்சுமி. பேய் வடிவம் பெற்றபின் கே.பி.சுந்தராம்பாள். இசை குன்னக்குடி வைத்தியநாதன். சுந்தராம்பாள் குரலெடுத்துப் பாட, சிவனும் சக்தியுமாக ஆடியவர்கள் சிவகுமாரும் ஸ்ரீவித்யாவும். நடிக்க வருவதற்கு முன் சிவகுமார் சென்னை ஓவியக் கல்லூரி மாணவர். கோயில்களின் முன் உட்கார்ந்து மணிக்கணக்கில் வரைந்த இளைஞர். தூரிகை பிடித்த கை, திருவாலங்காட்டுக் கூத்தனின் முத்திரையைப் பிடித்தது. ஸ்ரீவித்யாவோ எம்.எல்.வசந்தகுமாரியின் மகள். பாட்டு, படம், ஆட்டம் மூன்றும் அந்த ஒரு காட்சியில் சேர்ந்தது தற்செயல்தான் என்றாலும் பொருத்தமான தற்செயல்.

கவிதைக்கு ஒரு துறை, ஓவியத்துக்கு ஒரு கல்லூரி, பரதத்துக்கு ஒரு டிப்ளமோ என்று பிரித்துவைத்துப் படிக்கிறோம். மூன்றிலும் கைவைக்கும் இளைஞரைப் பார்த்து, ‘ஏதாவது ஒன்றில் நில்’ என்று வீட்டில் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் திருவாலங்காடு வெறும் பரிகாரத் தலம் அல்ல. பதினோராம் திருமுறையில் அம்மையாரின் இரண்டு பதிகங்களும் சேர்த்து இருபத்திரண்டு பாடல்கள்தான், ரயிலிலேயே படித்துவிடலாம். சென்ட்ரலில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருவள்ளூரைத் தாண்டி ஸ்டேஷன். அங்கிருந்து கோயிலுக்கு ஆட்டோ. காலையில் இரத்தின சபை, மதியத்துக்கு மேல் எழும்பூரில் வெண்கலக் கூடம் என்று திட்டமிட்டால் பாட்டு, ஆட்டம், உருவம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று மியூசியத்துக்கு விடுமுறை.