மாப்பிள்ளை பிடிக்கும் இயந்திரம்

1765 பிப்ரவரியில் லண்டன் கிங் தெருவில் ஆல்மாக்ஸ் என்ற நடன மண்டபம் திறந்தது. வாரம் ஒரு நடனம், பன்னிரண்டு வாரம், சந்தா பத்து கினி. அன்றைய வீட்டு வேலைக்காரி ஒருத்தி வருஷம் முழுக்கத் தரை துடைத்துச் சம்பாதிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் பணம் இருந்தாலும் உள்ளே போய்விட முடியாது. 1814 வாக்கில் ஏழு சீமாட்டிகள் கொண்ட குழு ஒன்று அந்த மண்டபத்தை ஆண்டது. திங்கட்கிழமைதோறும் கூடி, பெயர் பெயராக அலசி, யாருக்கு அனுமதிச் சீட்டு, யாருக்கு இல்லை என்று தீர்மானிப்பார்கள். அரசரின் காவல்படை அதிகாரிகள் முந்நூறு பேரில் ஆறு பேருக்கு மேல் சீட்டு கிடைக்கவில்லை என்று அதே படையில் இருந்த கேப்டன் கிரோனோ பிற்காலத்தில் எழுதிவைத்தார்.

நடனம் புதன்கிழமை இரவு. பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். நெப்போலியனை வென்ற வெலிங்டன் டியூக்கே வாசலில் திருப்பி அனுப்பப்பட்டார் என்று ஒரு கதை உண்டு. உள்ளே போனவர்களுக்கு என்ன விருந்து? மெல்லிசாக நறுக்கிய ரொட்டி, வெண்ணெய், காய்ந்த கேக், எலுமிச்சைச் சாறு, தேநீர். மதுவே கிடையாது. இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்கள் இந்தச் சாப்பாட்டுக்காகவா அடித்துக்கொண்டார்கள்? அவர்கள் வந்தது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேட. அந்த மண்டபத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுகிறவர் சம்பந்தம் செய்யத் தகுந்தவராகவே இருப்பார். வேண்டாதவர்களைத்தான் திங்கட்கிழமையே வடிகட்டியாயிற்றே!

அந்த எழுவரில் ஒருவர் லேடி கௌப்பர். ஊரார் பெண்களின் நடத்தையை எடைபோட்ட இந்தச் சீமாட்டிக்கும் பிற்காலத்தில் பிரதமரான பால்மர்ஸ்டன் பிரபுவுக்கும் நெடுநாள் காதல். அது லண்டனே அறிந்த ரகசியம். 1837-இல் கணவர் இறந்தார். 1839-இல் இருவரும் மணந்துகொண்டார்கள். இதில் முரண் இருப்பதாக அந்தக் குழுவில் யாரும் கருதியதாகத் தெரியவில்லை. கல்யாணம் ஆன பிறகு காதலிப்பதை அவர்கள் உலகம் பொறுத்துக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்பு தகாத இடத்தில் காதலிப்பதைத்தான் பொறுக்கவில்லை. காரணம் நிலம்.

இங்கிலாந்துப் பிரபுக் குடும்பங்களில் பண்ணையும் மாளிகையும் மூத்த மகனுக்கே. அந்த மூத்தவன் சூதாடித் தொலைத்தால் நானூறு வருஷச் சொத்து ஒரே ராத்திரியில் போய்விடும். அதற்காக வழக்கறிஞர்கள் ஒரு பத்திரம் கண்டுபிடித்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே எழுதி, நிலத்தை யாரும் விற்க முடியாதபடி முடிச்சுப் போடும் பத்திரம். கட்டுச் சாசனம் என்று வைத்துக்கொள்வோம். அதன்படி மாப்பிள்ளை வெறும் ‘ஆயுள் உரிமையாளர்’: உயிரோடு இருக்கும்வரை வருமானத்தை அனுபவிக்கலாம், நிலத்தில் கைவைக்க முடியாது. அவருக்குப் பின் நிலம் யாருக்கு? அவருடைய மூத்த மகனுக்கு. அந்த மகன் இன்னும் பிறக்கவே இல்லை. அவன் பெற்றோருக்கே இனிமேல்தான் கல்யாணம்.

இல்லாத ஆளுக்குச் சொத்து எழுதுவதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அப்பன் தந்திரமாகத் தன் ஆயுள் உரிமையை நடுவிலேயே முறித்துக்கொண்டால், பிறக்கப்போகிறவனின் பங்கு சட்டத்தின் கண்ணில் இல்லாமலே போய்விடும். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், ஆர்லாண்டோ பிரிட்ஜ்மன் என்ற வழக்கறிஞர் அந்த ஓட்டையை அடைத்தார். அப்பனுக்கும் பிறவாத பிள்ளைக்கும் நடுவில் சில அறங்காவலர்களைப் பத்திரத்திலேயே நிறுத்தினார். அப்பனின் உரிமை எங்கே அறுந்தாலும் அந்த நொடியில் நிலம் இவர்கள் பொறுப்புக்கு வரும், பிள்ளைக்காகக் காத்திருக்கும்.

ஆனால் முடிச்சை என்றைக்குமாகப் போட நீதிபதிகள் விடவில்லை. 1682-இல் நார்ஃபோக் டியூக் குடும்ப வழக்கில் தொடங்கி, இன்று உயிரோடு இருப்பவர்களின் ஆயுள், அதற்கு மேல் 21 ஆண்டு என்று ஓர் எல்லை உருவானது. அதாவது, பிறவாத அந்தப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, 21 வயதைத் தொட்டால் தந்தையோடு சேர்ந்து முடிச்சை அவிழ்க்கலாம். எப்படி அவிழ்த்தார்கள் என்பது இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம்.

நண்பர் ஒருவரைப் பிடித்து, ‘இந்த நிலம் என்னுடையது’ என்று வழக்குப் போடச் சொல்வார்கள். எல்லாம் பேசிவைத்ததுதான். மகன் நீதிமன்றத்தில், “எனக்கு இந்த நிலத்தை விற்றவர் இதோ நிற்கிறார், அவரே பதில் சொல்லட்டும்” என்று ஓர் ஆளைக் காட்டுவான். அந்த ஆள் பெரும்பாலும் நீதிமன்றத்தில் பெயர் கூவி அழைக்கிற சேவகர். நண்பர் அவரோடு தனியாகப் பேச அனுமதி கேட்பார்; இருவரும் வெளியே போவார்கள்; நண்பர் மட்டும் திரும்பி வருவார். சேவகர் ‘ஓடிப்போய்விட்டார்’! உடனே தீர்ப்பு: நிலம் நண்பருக்கு. வாரிசுகளுக்கு அதே மதிப்புள்ள நிலத்தைச் சேவகர் ஈடாகத் தர வேண்டும். சேவகரிடம் ஒரு குழி நிலம்கூட இல்லை என்பது நீதிபதிக்கும் தெரியும். நண்பர் நிலத்தைக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுப்பார், இந்த முறை முடிச்சு இல்லாமல். 1472-இல் நடந்த ஒரு வழக்கின் வழியே புகழ்பெற்ற இந்த நாடகத்தை 1833-இல் நாடாளுமன்றம் ஒழிக்கும்வரை, 360 ஆண்டுகளுக்கு மேலாக, முகத்தில் சிரிப்பே இல்லாமல் நடத்தியிருக்கிறார்கள்.

அவிழ்த்தபின் விற்றுவிடுவார்களா என்றால், அங்கேதான் சூட்சுமம். 21 வயது மகன் கையில் காசு இருக்காது; அப்பா கண்மூடும்வரை நிலமும் வராது. தந்தை அவனைக் கூப்பிட்டு, “வருஷத்துக்கு இவ்வளவு தருகிறேன், கையெழுத்துப் போடு” என்பார். அவன் போடுவான். பழைய முடிச்சு அவிழும். அதே மேஜையில் புது முடிச்சு விழும். இப்போது மகன் வெறும் ஆயுள் உரிமையாளர். நிலம் அவனுடைய பிறவாத மகனுக்கு. தலைமுறைக்கு ஒருமுறை இப்படியே. விளைவு, பல ஆயிரம் ஏக்கர் பண்ணைக்கு எந்தக் காலத்திலும் முழுச் சொந்தக்காரர் என்று ஒருவருமே இல்லை.

மணப்பெண்ணின் கணக்கும் அதே பத்திரத்தில்தான். 18-ஆம் நூற்றாண்டில், அவள் கொண்டுவரும் ஒவ்வோர் ஆயிரம் பவுண்டு சீதனத்துக்கும், விதவையானால் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 பவுண்டு ஆயுள் முழுக்கத் தருவது வழக்கம். கணவன் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் அவள் வாழ்ந்தால் மாப்பிள்ளை வீட்டுக்கு நஷ்டம். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் லாபம். பூங்கொத்துக்குப் பின்னால் இரண்டு வீட்டு வழக்கறிஞர்களும் மணமக்களின் ஆயுளை வைத்துப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனையையும் உடைக்க ஒரு வழி இருந்தது: ஓடிப்போவது. 1754 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 21 வயதுக்குக் கீழே உள்ளவர் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்யப் பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆனால் ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் கிடையாது. அங்கே இரண்டு சாட்சிகள் முன் வாய்வார்த்தை சொன்னால் போதும். ஆகவே எல்லை தாண்டியதும் வரும் கிரெட்னா க்ரீன் கிராமம் காதலர்களின் காசி ஆயிற்று. லண்டனிலிருந்து 500 கிலோமீட்டர். இரவு பகலாகக் குதிரை மாற்றி ஓட்ட வேண்டும்.

1782 மே மாதம் அந்தச் சாலையில் பறந்த ஒரு ஜோடி: வெஸ்ட்மர்லண்ட் பிரபுவும், வங்கி அதிபர் ராபர்ட் சைல்டின் ஒரே மகள் சாராவும். பிரபு என்றாலும் தகப்பனுக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம். தன் பணம் இன்னொரு குடும்பத்தின் பட்டத்துக்குள் போய்க் கரைவதில் அவருக்கு விருப்பமில்லை. துரத்திப் பார்த்தார், பிடிக்க முடியவில்லை. இரண்டே மாதத்தில் இறந்துபோனார். ஆனால் அதற்குள் உயிலை மாற்றியிருந்தார். சொத்து மகளுக்கு இல்லை. மாப்பிள்ளையின் பட்டத்துக்கு வாரிசாகப் போகும் பேரனுக்கும் இல்லை. அந்த வாரிசை விட்டுவிட்டு மற்ற பேரப்பிள்ளைகளுக்கு வருமாறு எழுதியிருந்தார். பிறவாதவர்களுக்குச் சொத்து எழுதும் அதே வித்தை. குடும்பத்தைச் சேர்க்க உருவான கருவி இங்கே பழிவாங்கப் பயன்பட்டது.

1785-இல் பிறந்த பேத்தி சாராவுக்கு அத்தனையும் போனது. 21 வயதில் அவர் சைல்ட் வங்கியின் மூத்த பங்குதாரர் ஆனார். 1867-இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஜெர்சி பிரபுவின் மனைவியானதால் பெயர் லேடி ஜெர்சி. ஆல்மாக்ஸில் சீட்டுக் கொடுக்கும் எழுவரில் எல்லோரையும் நடுங்கவைத்தவர் இவர்தான். ஓடிப்போன ஜோடிக்குப் பிறந்தவர் ஊர் கல்யாணங்களுக்குக் காவல் நின்றார். 1845-இல் அவருடைய 17 வயது மகள் அடெலா ஒரு ராணுவ அதிகாரியோடு ஓடிப்போனாள், கிரெட்னா க்ரீனுக்கே.

விக்டோரியா ராணி காலத்தில் ஆல்மாக்ஸ் மங்கி, வடிகட்டும் வேலை அரண்மனைக்கு மாறியது. நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் பிரபுக் குடும்பங்கள் லண்டனுக்கு வரும். ஆகஸ்ட் 12-இல் காட்டுக்கோழி வேட்டை தொடங்குவதற்குள் கல்யாணப் பேச்சு முடிய வேண்டும். பெண்ணை முதலில் ராணியிடம் அறிமுகம் செய்யவேண்டும். செய்கிறவர் தாமும் அப்படி அறிமுகமானவராக இருக்கவேண்டும். உடையின் பின்னால் மூன்று கஜத் தோகை. வாசலில் பணியாளர்கள் குச்சியால் அதை விரித்துவிடுவார்கள். தலையில் தீக்கோழி இறகு: கல்யாணமானவருக்கு மூன்று, ஆகாதவருக்கு இரண்டு. அறையின் மறுகோடியிலிருந்தே எண்ணிக்கொள்ளலாம். வணங்கி எழுந்து, ராணிக்கு முதுகு காட்டாமல், அந்தத் தோகை காலில் சிக்காமல், பின்னாலேயே நடந்து வெளியேற வேண்டும்.

இவ்வளவு ஆடம்பரமும் உண்மையில் ஏதாவது வேலை செய்ததா, அல்லது பணக்காரர்கள் எப்படியும் பணக்காரர்களைத்தான் மணந்திருப்பார்களா? இதைச் சோதிக்க வேண்டுமானால் அந்த இயந்திரத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்க வேண்டும். வரலாறே அதைச் செய்தது. 1861 டிசம்பர் 14-ஆம் தேதி ராணியின் கணவர் ஆல்பர்ட் இறந்தார். ராணி துக்கத்தில் ஆழ்ந்தார். 1861 முதல் 1863 வரை அரண்மனைக் கொண்டாட்டங்கள் அறுந்துபோயின. அந்தச் சமயத்தில் இருபதை ஒட்டிய வயதில் இருந்த பிரபு வீட்டுப் பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். கொஞ்சம் மூத்த அக்காக்கள் ஏற்கெனவே கரையேறிவிட்டார்கள். சின்னத் தங்கைகளுக்கு இன்னும் நாள் இருந்தது. யார் எந்த வருஷம் பிறந்தார் என்பது தற்செயல். ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட வாய்ப்பை ‘இயற்கைச் சோதனை’ என்பார்கள்: ஆய்வுக்கூடம் இல்லாமல், தற்செயலே மனிதர்களை இரண்டு குழுவாகப் பிரித்துக் கொடுப்பது.

மார்க் கோன்யி என்ற பொருளியலாளர் அந்தப் பெண்களின் திருமணப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்து 2022-இல் முடிவுகளை வெளியிட்டார். துக்க காலத்தால் பிரபுக் குடும்பத்துக்கு வெளியே நடந்த கல்யாணங்கள் 40 சதவீதம் கூடியிருந்தன. நிலத்துக்கு நிலம் பொருத்திப் பார்க்கும் போக்கு 30 சதவீதம் தளர்ந்திருந்தது.

ஏன் அப்படி? பெண் பார்க்க ஊர் ஊராகப் பஸ் ஏறி அலைகிறவர் மூன்றாவது ஊரிலேயே “சரி, இதையே முடிச்சிடலாம்” என்று சொல்லிவிடுவார். எல்லா வீட்டாரும் ஒரே கல்யாண மண்டபத்தில் கூடியிருந்தால், கடைசிப் பந்திவரை உட்கார்ந்து ஜாதகம் ஜாதகமாக அலசுவார். தேடும் செலவு குறைந்தால் பிடிவாதம் கூடும். மாறாக, அரண்மனைக் கதவு சாத்தியதும் பெண்கள் பக்கத்து ஊர்ப் பண்ணையாரையும் வழக்கறிஞரையும் சந்தித்தார்கள், பழகினார்கள், மணந்தார்கள். அதன் அலை வெகுதூரம் போயிற்று. பிரபுக்களின் அரசியல் பலமே குறைந்து, பொதுக் கொள்கைவரை அது எட்டியது என்கிறது அந்த ஆய்வு.

ஆனால் முடிச்சைத் தளர்த்திய பெரிய கை துக்கத்தினுடையது அல்ல, கோதுமையினுடையது. 1870-களில் இங்கிலாந்தில் ஒரு குவார்ட்டர் கோதுமை, அதாவது சுமார் 218 கிலோ, சராசரியாக 50 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1894-இல் 23 ஷில்லிங்குக்கும் கீழே. அமெரிக்கச் சமவெளித் தானியம் ரயிலிலும் நீராவிக் கப்பலிலும் வந்து குவிந்ததே காரணம். குத்தகை சரிந்தது. பிளென்ஹைம் மாளிகையின் மார்ல்பரோ டியூக் புத்தகங்களை விற்கத் துணிந்தார். சாசனம் கையைக் கட்டியிருந்ததால் 1880-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. நூலகம் போனது. 1885-இல் ராஃபேல் வரைந்த ஓவியம் 70,000 பவுண்டுக்கு அரசுக்குப் போனது.

பின்னர் பட்டத்துக்கு வந்த டியூக் ஒருவர் 1895 நவம்பரில் நியூயார்க்கில் 18 வயது கான்சுவலோ வாண்டர்பில்ட்டை மணந்தார். அவளுக்கு வேறொருவர் மேல் காதல். தாய் ஆல்வா விடவில்லை. மகளைக் கட்டாயப்படுத்தியதை ஆல்வாவே பின்னாளில் சாட்சியத்தில் ஒப்புக்கொண்டார். அதன் பேரில் 1926-இல் அந்தத் திருமணம் செல்லாது என்றாயிற்று. ஒப்பந்தப்படி சீதனம் 25 லட்சம் டாலர். ரொக்கமாக இல்லை, ஒரு ரயில் கம்பெனியின் 50,000 பங்குகள், ஆண்டுக்குக் குறைந்தது 4 சதவீத லாபப்பங்கு. அந்த 4 சதவீதத்துக்கு உத்தரவாதம் கொடுத்தது நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே. மேற்கிலிருந்து தானியத்தைத் துறைமுகத்துக்கு இழுத்துவந்து ஆங்கிலக் குத்தகைகளைச் சரித்த பெருவழிகளில் ஒன்று. அந்தப் பங்குகளின் வருமானம் டியூக்குக்கு ஆயுள் உள்ளவரை.