பாட்டுப் பெட்டிக்கு எந்த மரம் அழகு?

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குவது என்று பேச்சு எழுந்தால், 'வாட்' கணக்கும் 'ஓம்' கணக்கும் பேச வீட்டில் ஆள் இருக்கிறார்கள். அப்பாவும் பிள்ளையும் ஒரு வாரம் வேறு பேச்சே பேச மாட்டார்கள். ஆனால் எந்த மரம், என்ன நிறம் என்ற கேள்வி வந்ததும் இருவரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். "எல்லாம் ஒன்றுதான், எதையாவது சொல்லேன்!" என்பார்கள்.

சகோதரிகளே, அவசரப்பட்டு எதையாவது சொல்லிவிடாதீர்கள்! பாட்டு ஒலிப்பது நாளில் ஒன்றிரண்டு மணி நேரம். பெட்டி கூடத்தில் நிற்பதோ 24 மணி நேரமும். வருஷக் கணக்காக அதைப் பார்த்துக் கொண்டிருக்கப் போகிறவர் நீங்கள்.

முதலில், 'தேக்கு ஸ்பீக்கர்', 'வால்நட் ஸ்பீக்கர்' என்று கடைக்காரர் சொன்னால் பெட்டி முழுவதும் அந்த மரம் என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளே இருப்பது பெரும்பாலும் மர நாரைப் பசை சேர்த்து அழுத்திய எம்.டி.எஃப். பலகை, சிலவற்றில் பிளைவுட். அதன் மேல் சுமார் அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி ஒட்டிய நிஜ மரத் தோலுக்குத்தான் வெனீர் என்று பெயர். இதில் மோசடி ஏதும் இல்லை. முழு மரம் மழைக் காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும், சமயத்தில் வெடிக்கும். அழுத்திய பலகை அவ்வளவு ஆட்டம் காட்டாது.

"ரோஸ்வுட் போட்டால் வீணை நாதம் கேட்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுங்கள். அரை மில்லிமீட்டர் தோல் பாட்டை மாற்றாது. உள்ளே இருக்கும் கருவி, பெட்டியின் கட்டுமானம், அதை அறையில் எங்கே வைக்கிறீர்கள் என்பவைதான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் உங்கள் கண்ணுக்கே முழு அதிகாரம்.

நிஜமா, அச்சா?

விலை குறைந்த பெட்டிகளில் மர ரேகையைப் பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். அது தவறில்லை, வெனீர் விலைக்கு அதை வாங்குவதுதான் தவறு. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே சுழி, ஒரே கோடு இரண்டிலும் அச்சு அசலாக ஒரே இடத்தில் வந்தால் அது அச்சுத் தாள். நிஜ மரத்தில் அப்படி அமையாது. அடுத்தடுத்துச் சீவிய ஏடுகளைப் புத்தகம் விரித்தாற்போல ஒட்டினால் ரேகைகள் கண்ணாடிப் பிம்பம் போல எதிரும் புதிருமாக இருக்கும்.

இதனால்தான் ஸ்பீக்கரை எப்போதும் ஜோடியாகவே வாங்க வேண்டும். ஒன்றை இன்றும் மற்றொன்றை அடுத்த வருஷமும் வாங்கினால், வேறு வேறு சாயத் தொட்டியில் நனைந்த நூலில் நெய்த புடவையும் ரவிக்கையும் போல, ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கும்.

வெயிலில் பாருங்கள்

புடவைக் கடையில் என்ன செய்வீர்கள்? கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பீர்கள் அல்லவா? இங்கேயும் அதே வழிதான். மாதிரித் துண்டு கேட்டு வாங்கி வந்து உங்கள் கூடத்திலேயே, பகலிலும் விளக்கொளியிலும் வைத்துப் பாருங்கள்.

மரத்துக்கு இன்னொரு குணம் உண்டு. வாங்கிய நாளில் இருந்த நிறம் பிறகு இராது. கருமை கலந்த வால்நட் வெளிச்சம் பட்டு வெளுத்துத் தேன் நிறத்துக்கு வரும். செர்ரி மாதக் கணக்கிலேயே சிவந்து கறுக்கும். வெள்ளை வெளேரென்ற மேப்பிள் மஞ்சள் பூக்கும். தேக்கில் முதலில் தெரியும் திட்டுகள் மறைந்து பொன் நிறம் கூடும். ஆகையால் ஜன்னல் வெயில் ஒரு பெட்டியின் மேல் மட்டும் விழும்படி வைக்காதீர்கள். புதிதில் சில மாதங்களுக்குப் பூச்சாடி, போட்டோ எதையும் அதன் தலைமேல் வைக்க வேண்டாம். எடுக்கும்போது அதன் வடிவம் அப்படியே பதிந்திருக்கும்.

ஈட்டி மரத்தின் அழகுக்கு இணையில்லை. ஆனால் காடுகளில் அது அருகி வருவதால், 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும் 'சைட்டிஸ்' என்னும் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அதே தோற்றத்தில், விரைவில் வளரும் மரங்களைச் சீவிச் சாயமேற்றி மறுபடி சேர்த்துச் செய்த வெனீர் கிடைக்கிறது. கண்ணுக்கும் குறைவில்லை, மனசுக்கும் உறுத்தல் இல்லை.

பளபளப்பா, மென்மையா?

லாக்கர் பூச்சு துடைக்கச் சுலபம். ஆனால் பளபளப்பானதில் விரல் ரேகையும் தூசியும் பளிச்சென்று தெரியும். எண்ணெய்ப் பூச்சு தொட்டால் மரமாகவே இருக்கும். ஆனால் அவ்வப்போது மெல்லிய பூச்சு கொடுக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியை மட்டும் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்து வெளியில் உலர்த்துங்கள்.

கீறல் விழுந்தால் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கக் கிளம்பிவிட வேண்டாம். அரை மில்லிமீட்டர்தானே இருக்கிறது? இரண்டு இழுப்பில் பலகை எட்டிப் பார்த்துவிடும்.

கடைசியாக, நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்து: தரை துடைக்கும் ஈரத் துணி! பெட்டி தரையில் உட்கார்ந்திருந்தால் அடி விளிம்பில் தினமும் ஈரம் ஏறும். எம்.டி.எஃப். ஒருமுறை உப்பினால் பழையபடி வற்றாது. வெனீரும் பெயர்ந்து வரும். நாலு அங்குல உயரத்தில் ஒரு மணை போட்டுவிடுங்கள். தேக்கோ, வால்நட்டோ, நீங்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த மரத்தைக் காப்பாற்றப் போவது அந்தச் சின்ன மணைதான்.