பழைய சந்தாத் திட்டத்துக்கு ஓய்வு

சந்தா என்னும் சொல் நம் சங்கத்துக்குப் புதியதன்று. இதழ் பிறந்த அன்றே சந்தாவும் உடன்பிறந்துவிட்டது. முன்னாளில் அது மணியார்டராக வந்தது. ஆண்டு முடிந்ததும் நினைவூட்டு அட்டை ஒன்று போகும். விருப்பமுள்ளவர் மீண்டும் பணம் அனுப்புவார், இல்லாதவர் அனுப்பார். அத்துடன் கணக்குத் தீர்ந்தது. இன்றோ நிலைமை வேறு. ஒருவர் ஒருமுறை இசைவு தந்துவிட்டால் போதும். ஆண்டுதோறும் குறித்த நாளில் அவர் கணக்கிலிருந்து பணம் தானாகவே எடுக்கப்படுகிறது. இந்த வசதியைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஆனால், அப்படி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சந்தாத் திட்டத்தை நிறுத்த வேண்டுமானால் என்ன செய்வது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. நாமும் எண்ணிப் பார்க்கவில்லை. அதன் பயனைச் சென்ற ஆண்டு அனுபவித்தோம்.

நடந்தது இதுதான். தாள் விலையும் அஞ்சல் செலவும் ஏறியதால், ஆண்டுக்கு 300 ரூபாயாக இருந்த சந்தாவை 450 ஆக உயர்த்துவதென்று செயற்குழு முடிவு செய்தது. இணையப் பக்கத்துக்கு நிரல் எழுதும் பணி இக்கட்டுரையாளனிடம் இருந்தது. புதிய திட்டத்தை உருவாக்கினேன். பழைய திட்டத்தை அழிக்கும்படி பணச்சேவைக்குக் கட்டளை அனுப்பினேன், அது மறுத்துவிட்டது. அந்த மறுப்பில் இருந்த அறிவு எனக்கு அன்று விளங்கவில்லை. அங்கே அழியாவிட்டால் போகட்டும், இங்கே அழிப்போம் என்று நம் சொந்தத் தரவுத்தளத்திலிருந்து பழைய திட்டத்தை எடுத்தெறிந்தேன். பக்கத்தில் 450 மட்டும் தெரிந்தது. வேலை முடிந்ததென்று தேநீர் குடிக்கப் போனேன்.

இரண்டரைத் திங்களுக்குப் பின் வண்டிப்பெரியாற்றிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். தம் கணக்கிலிருந்து 300 ரூபாய் போய்விட்டதென்றும், இதழ் வரவில்லையென்றும் சொல்லி, இதழ் நின்றுவிட்டதா, அல்லது தம்மைத்தான் நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டிருந்தார். அடுத்து மறையூரிலிருந்து ஒரு தொலைபேசி; கொழிஞ்சாம்பாறையிலிருந்து நம் முன்னாள் மாணவி ஒருவரின் கடிதம். தேடிப் பார்த்தபோது மொத்தம் 11 பேர். எல்லோரிடமும் பணம் வாங்கியிருந்தோம். ஒருவருக்கும் இதழ் அனுப்பவில்லை.

இது ஏன் நேர்ந்தது? இதை அறிய இணையவழிச் சந்தாவின் உள்ளமைப்பைச் சற்றுக் காண வேண்டும்.

பணச்சேவை நிறுவனத்தோடு நம் நிரல் பேசும் வழிக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். நம் நிரல் கேட்க வேண்டிய முறையில் கேட்டால், அந்நிறுவனத்தின் கணினி விடை தரும் அல்லது வேலையைச் செய்யும். இந்த உரையாடலில் மூன்று பொருள்கள் அடிக்கடி வரும். முதலாவது திட்டம்: தொகை எவ்வளவு, எந்த நாணயம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பவற்றைக் கூறும் ஒரு பதிவு அது, அதற்கென ஓர் அடையாள எண் உண்டு. இரண்டாவது சந்தா: இன்னார் இன்ன எண்ணுள்ள திட்டத்தில் இன்ன நாளில் சேர்ந்தார் என்னும் பதிவு. மூன்றாவது, மேண்டேட் எனப்படும் முன்னிசைவு: என் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று சந்தாதாரர் தம் வங்கிக்குத் தந்த அனுமதி. திட்டம் நம்முடையது. முன்னிசைவு அவருடையது. இரண்டையும் கட்டும் கயிறு சந்தா.

சந்தாவில் தொகை நேரே எழுதப்பட்டிருப்பதில்லை. திட்டத்தின் எண்தான் இருக்கிறது. ஆகவே திட்டம் மறைந்தால் சந்தா சுட்டுவதற்கு ஒன்றுமில்லாமற் போகிறது. நமக்கு நேர்ந்தது இதுவே. ஆண்டு நிறைந்த ஒவ்வொருவரிடமும் பணச்சேவை முறைப்படி 300 ரூபாய் பெற்றது. பெற்றதும் நம் நிரலுக்கு ஓர் அறிவிப்பை அனுப்பியது. வெப்ஹூக் என்பது இவ்வறிவிப்பின் பெயர். நம் நிரல் அதிலிருந்த திட்ட எண்ணைத் தேடியது, காணவில்லை, பேசாமல் ஒதுக்கிவிட்டது. அதனினும் பெரிய பிழை, அறிவிப்பு கிடைத்தது என்று பொருள்படும் 200 என்னும் விடையையும் அனுப்பிவைத்தது. பிழை என்று விடை சொல்லியிருந்தால் பணச்சேவை மீண்டும் மீண்டும் அறிவிப்பை அனுப்பியிருக்கும், நாமும் விழித்திருப்போம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லும் நோய் மாணவருக்கு மட்டுமன்று, மாணவர் எழுதும் நிரலுக்கும் உண்டு போலும்!

இதற்கு நம் ஊர்ச் சீட்டு நல்ல எடுத்துக்காட்டு. பாலக்காடு, திருச்சூர்ப் பக்கங்களில் அதைக் குறி என்பர். கொழிஞ்சாம்பாறைத் தமிழரோ வீட்டில் சீட்டு என்றும் கடைவீதியில் குறி என்றும் சொல்வர். இருபது பேர் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஒரு சீட்டுத் தொடங்கிவிட்டால், நடுவில் விலைவாசி ஏறியதென்று நடத்துபவர் தவணையை ஆயிரத்தைந்நூறு ஆக்க முடியுமா? ஊர் விடுமா? வேண்டுமானால் புதிய சீட்டொன்றைப் புதிய தவணையில் தொடங்கலாம். பழையதில் இனி ஆள் சேராது. ஆனால் சேர்ந்தவருக்கு அது கடைசித் தவணைவரை உயிரோடிருக்கும். ஆயுள் காப்பீட்டுக் கழகமும் இப்படித்தான் செய்கிறது. 2014 ஜனவரியில் புதிய ஜீவன் ஆனந்த் வந்தது. பழைய ஜீவன் ஆனந்த் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அதற்காக முன்பே பழைய பாலிசி எடுத்தவரின் பத்திரம் செல்லாததாகிவிடவில்லை.

பெரிய பணச்சேவைகளின் ஏ.பி.ஐ.கள் இந்த நெறியையே வெவ்வேறு வகையில் பின்பற்றுகின்றன. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ரேஸர்பேயில் ஒரு திட்டத்தை உருவாக்கிய பின் அதைத் திருத்தவும் முடியாது, அழிக்கவும் முடியாது. அமெரிக்காவில் ஐரிஷ் உடன்பிறப்பாளர் இருவர் தொடங்கிய ஸ்டிரைப்பில் விலைப் பதிவின் தொகையை மாற்ற இயலாது. ‘ஆக்டிவ்’ என்னும் குறியை ‘ஃபால்ஸ்’ என்று திருப்பி அதை உறங்க வைக்கலாம். அந்நிறுவனத்தின் பழைய முறையில் திட்டத்தை அழிக்கக் கட்டளை உண்டு; ஆனால் அதன் பொருள், புதியவர் சேர முடியாது என்பது மட்டுமே, உள்ளே இருப்பவர்க்கு ஒரு மாற்றமும் இல்லை. பேபாலில் திட்டத்தைச் செயலற்றதாக்கத் தனிக் கட்டளையே இருக்கிறது. சென்னையில் 2011 இல் தமிழ் இளைஞர் நால்வர் தொடங்கி, இன்று உலகெங்கும் சந்தாக் கணக்குப் பார்க்கும் சார்ஜ்பீயின் முறை எனக்கு மிகவும் பிடித்தது. திட்டத்தை அழி என்று நாம் சொன்னாலும், அதற்குச் சந்தாவோ விலைப்பட்டியலோ இருக்குமானால், அது அழிக்காமல் ஆவணக் காப்பில் வைத்துவிடும். அவசரக்காரன் கையைப் பிடித்துக்கொள்ளும் மூத்த எழுத்தரின் குணம் அது.

ஆகவே ஓய்வு கொடுத்தல் என்பது வாயிலை அடைப்பது, வீட்டை இடிப்பதன்று. முதலில் நம் பக்கத்திலிருந்து பழைய திட்டத்தின் பொத்தானை நீக்க வேண்டும். அது மட்டும் போதாது. பழைய கட்டண இணைப்பை யாரேனும் வாட்ஸப்பில் அனுப்பி வைத்திருப்பார். அதன் வழியே இன்றும் ஒருவர் நுழையலாம். ஏ.பி.ஐ. வாயிலாகவும் திட்டத்தை உறங்க வைக்க வேண்டும். சேவையில் அதற்கு இடமில்லையேல், அந்தத் திட்ட எண்ணோடு வரும் புதிய வேண்டுகோளை நம் நிரலே மறுக்க வேண்டும்.

அடுத்து, உள்ளே இருப்பவர் யார் யார் என்று எண்ண வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சந்தாதாரர் பட்டியலைக் கேட்டால் சேவை முழுவதையும் ஒரே மூச்சில் தராது. பக்கம் பக்கமாகத் தரும். ஸ்டிரைப்பிலும் ரேஸர்பேயிலும் நாம் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு பக்கத்துக்கு 10 பெயர். கேட்டாலும் 100க்கு மேல் வாராது. முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பத்துப் பேர்தானே என்று முடிவு கட்டுபவன் மற்றவர்களை மறந்தே போவான்.

எண்ணிய பின் அவர்களை என்ன செய்வது? பழைய தொகையிலேயே விட்டுவிடலாம். அல்லது புதிய திட்டத்துக்கு மாற்றலாம். மாற்றுவதாயின் சுற்று முடியும் நாளில் மாற்றுவதே முறை. ரேஸர்பேயில், உடனே மாற்றவா, சுற்று முடிவில் மாற்றவா என்று கேட்கும் ஒரு புலம் உண்டு. ஸ்டிரைப்பிலோ இடையில் மாற்றினால், நாம் வேண்டாமென்று சொன்னாலொழிய, மீதி நாள்களுக்கு விகிதக் கணக்குப் போட்டுச் சில்லறைத் தொகைகளைச் சேர்த்துவிடும். 437 ரூபாய் 50 காசு என்று பட்டியல் வந்தால் மறையூர்க்காரர் நம்மை என்னவென்று நினைப்பார்?

நம் நாட்டில் இன்னொரு காவலும் உண்டு. அட்டை வழியாகத் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் விதிகள் வகுத்தது. 2021 அக்டோபர் முதல் நாளிலிருந்து அவை கட்டாயமாயின. அந்த நாளில், புதிய முறைப்படி பதியப்படாத பழைய இசைவுகள் பல செயலற்றுப் போயின. வெளிநாட்டு இதழ்களுக்கும் திரைப்படச் சேவைகளுக்கும் சந்தா கட்டியவர்கள் திகைத்தனர். அவ்விதிகளின்படி, பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் வாடிக்கையாளருக்கு அறிவிப்புப் போக வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் இசைவைத் திரும்பப் பெறலாம். ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேளாமல் எடுக்கக்கூடிய உச்சத் தொகை முதலில் 2,000 ரூபாயாக இருந்தது, பின்பு 5,000 ஆயிற்று. 2022 ஜூனில் 15,000 ஆக்கப்பட்டது. இவற்றில் நமக்கு முக்கியமானது ஒன்று: இசைவின் நிபந்தனையை மாற்ற வேண்டுமானால், வாடிக்கையாளர் மீண்டும் தம் அடையாளத்தை மெய்ப்பித்தே மாற்ற வேண்டும். 300 ரூபாய்க்கு மட்டும் இசைந்தவரிடம் 450 எடுக்க, நம் நிரல் எவ்வளவு திறமையாக எழுதப்பட்டிருந்தாலும் வழியில்லை. ஏ.பி.ஐ.யில் திட்ட எண்ணை மாற்றுவது ஒரு வரி வேலை. மனிதரின் இசைவைப் பெறுவது அப்படியன்று.

‘நூற்றைம்பது ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா?’ என்று நம் செயற்குழுவிலேயே ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. ஆனால் நம் இதழ் யாரிடம் போகிறது என்பதை எண்ண வேண்டும். 1956 நவம்பரில் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. சித்தூர்ப் பகுதியும் அவ்வாறே. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களில், வீட்டுக்குத் தபாலில் வரும் தமிழ் இதழ் நம்முடையது ஒன்றாகவே இருக்கக்கூடும். அந்தப் பெரியவர் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. தம்மை நிறுத்திவிட்டீர்களா என்றுதான் கேட்டார்.

பின்பு செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அழித்த பதிவைப் பழைய எண்ணோடு மீண்டும் எழுதி, ‘ஓய்வு’ என்று ஒரு புலம் சேர்த்தேன். புதிதாய்ச் சேர்வோரின் கண்ணுக்கு அது தெரியாது. அறிவிப்பு வரும்போது நிரலின் கண்ணுக்குத் தெரியும். தெரியாத திட்ட எண் வந்தால் இனிமேல் 200 என்று விடை போகாது. பிழை என்றே போகும், செயலாளருக்கும் ஒரு மின்னஞ்சல் வரும். 11 பேருக்கும் விடுபட்ட இதழ்கள் மன்னிப்புக் கடிதத்தோடு அனுப்பப்பட்டன. பழைய சந்தாதாரர் அனைவரும் அவர்கள் விரும்பும்வரை 300 ரூபாயிலேயே தொடரலாம் என்று செயற்குழு தீர்மானித்தது. புதிய தொகைக்கு மாற விரும்புவோர்க்குத் தனி இணைப்பு அனுப்பினோம். கொழிஞ்சாம்பாறைச் சகோதரி முதலில் மாறினார்.

வண்டிப்பெரியாற்றுப் பெரியவர் மாறவில்லை. இதழ் கிடைத்ததென்று மட்டும் மற்றோர் அஞ்சலட்டை எழுதினார். பழைய திட்டத்தின் கடைசிச் சந்தா முடியும் நாளிலும் அதன் பதிவை நாம் அழிக்கப் போவதில்லை. அவர் பெற்ற ரசீதுகளில் அந்த எண்தான் இருக்கிறது.